முச்சந்தி வரைக்கும்

மஸ்லான் சொன்னது சுலபமான வழிதான். பாதி வழியில, குவா மூசாங்ல ஒரு பெட்ரோல் பங்குல பிள்ளைங்கள கை மாத்திக்கலாம்னு சொன்னான். நீ கிள்ளான்லேர்ந்து வா, நான் திரங்கானுவுலேர்ந்து வர்றேன், ஆளுக்குப் பாதின்னான். என்னமோ கோழிக் கூடை கை மாத்துற மாதிரி. நான் முடியாதுன்னுட்டேன். பிள்ளைங்கள நானே கம்பத்துக்கு, உன் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்த் தாத்தா வீட்டு வாசல்ல இறக்கிவிடுறேன், நீ அங்க வந்து பார்த்துக்கோன்னேன். நானூத்தம்பது கிலோமீட்டர் அந்த லொடக்கு வேனை ஓட்டுவியான்னு கேட்டான். உன்னோட பதினாலு வருஷம் ஓட்டலையா, இது என்ன பெரிய தூரம்னேன். போனை வச்சிட்டான்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சல்பியா வாய்க்குப் பூட்டு இன்னும் கண்டுபிடிக்கலைன்னு எங்க தாமான் குடியிருப்புல சொல்லுவாங்க. ஆனா அன்னைக்கு நான் அப்படி அடம்பிடிச்சதுக்கு வீம்பு மட்டும் காரணம் இல்ல. அந்த வீட்டு வாசல்ல போய் நிக்கணும்னு இருந்துச்சு. விவாகரத்தாகி ஏழு மாசம் ஆச்சு. அந்த வீட்ல எனக்கு இன்னும் ஏதாவது இடம் இருக்கா, இல்ல நான் அங்க வெறும் டிரைவர்தானா? அதைத் தெரிஞ்சுக்கணும்.

எங்க ஆளுங்களுக்கு லீவுன்னா கம்பம்தான். பெருநாளோ பள்ளி விடுமுறையோ, பட்டணமே காலியாயிடும். கல்யாணம் ஆனவங்க வீட்ல இதுக்குன்னே ஒரு சண்டை நடக்கும், இந்தத் தடவை யார் பக்கம்னு. நாங்க முறை வச்சுக்கிட்டோம். ஒரு லீவு அவன் பக்கம், கிளந்தான்ல பாசிர் மாஸ். அடுத்த லீவு என் பக்கம், பேராக். அப்புறம் என் அப்பா போனாரு, ஒரே வருஷத்துல அம்மாவும் பின்னாடியே போயிட்டாங்க. அண்ணன் வீட்டை வித்துட்டு ஜொகூர்ல போய் உட்கார்ந்துட்டான். அதுக்கப்புறம் என் முறை வந்தா ரெண்டு கபுரைப் பார்த்துட்டு ஓட்டல்ல தங்கிட்டு வருவோம். எனக்குன்னு மிச்சம் இருந்த கம்பம் பாசிர் மாஸ் ஒண்ணுதான். அதுவும் புருஷனோட கம்பம்.

விடியக் காலையில நாலு மணிக்குக் கிளம்பினோம். விவாகரத்துல கார் அவனுக்குப் போச்சு, பள்ளி வேன் எனக்கு வந்துச்சு. அதுதான் எனக்குச் சோறு போடுது. பதினாலு சீட்டு, மஞ்சள் பெயிண்டு, ஏத்தம் வந்தா இழுப்புக்காரக் கிழவன் மாதிரி மூச்சிரைக்கும். பழக்க தோஷம், கண்ணாடியைப் பார்த்துத் தலை எண்ணிட்டுத்தான் கியரைத் தொட்டேன். ஒரு தடவை ஒரு பொடியன் கடைசி சீட்டுல தூங்கிப்போய் நான் கவனிக்காம வண்டியைப் பூட்டிட்டேன். அஞ்சே நிமிஷத்துல பார்த்துட்டேன், அல்லாஹ் காப்பாத்தினான். அன்னையிலேர்ந்து தலை எண்ணாம வண்டி நகராது. இந்தப் பயணத்துல ரெண்டே தலை. பன்னெண்டு வயசு நுஹா காதுல ஒயரை மாட்டிக்கிட்டு அஞ்சாவது வரிசையில போய் உட்கார்ந்துட்டா. ஏழு வயசு இல்ஹாம் எனக்குப் பின்னாடி.

காராக் வளைவுல இல்ஹாம் வாந்தி எடுத்தான். பெந்தோங்ல முகம் கழுவி, சட்டை மாத்தி, ஆளுக்கொரு சோயாப் பால் வாங்கிக் கொடுத்தேன். வயிறு காலியானதும் அவன் வாய் திறந்துகிச்சு. அப்பாவும் அங்க படுப்பாரான்னு கேட்டான். ஆமான்னேன். அந்த ஆன்ட்டியுமா? மஸ்லானோட புதுப் பொண்டாட்டியைச் சொல்றான். ஆமான்னேன். நீ எங்க படுப்பேன்னான். நான் திரும்பிப் போயிடுவேன்டான்னு சொன்னேன்.

"இது அப்பா முறையாம்மா?"

"ஆமா."

"அடுத்த லீவு உன் முறையா?"

"ஆமா."

"அப்ப எங்க போவோம்?"

பின்னாடியிலேர்ந்து நுஹா, வாய மூடுடான்னு ஒரு அதட்டல் போட்டா. காதுல ஒயர் இருந்தாலும் எல்லாம் கேக்குது அவளுக்கு. நான் ரேடியோவைத் திருப்பினேன். லிப்பிஸ் தாண்டினா ரேடியோவும் எடுக்காது. ரெண்டு பக்கமும் காடு, யானை படம் போட்ட மஞ்சப் பலகை, முன்னால மரம் ஏத்தின லாரி. குவா மூசாங் வந்தப்ப, மஸ்லான் சொன்னபடி இங்கயே இறக்கி விட்டுட்டுத் திரும்பியிருக்கலாமே சல்பியான்னு தோணுச்சு. தோணட்டும்னு மிதிச்சேன்.

வழி பூரா என் மாமனாரைப் பத்தியேதான் நினைச்சிட்டு வந்தேன். பேரு செனிக். ரப்பர் மரம் சீவின கை, உள்ளங்கை தேங்கா மட்டை மாதிரி இருக்கும். நான் புது மருமகளாப் போனப்ப அந்த ஊர் பேச்சு எனக்கு ஒரு எழவும் புரியல. எல்லாரும் எதையோ சொல்லிச் சிரிப்பாங்க, நானும் பேக்கு மாதிரி கூடச் சிரிப்பேன். அவர் ஒருத்தர்தான் எனக்காக நிறுத்தி நிறுத்திப் பேசுவார். ஒவ்வொரு தடவை நாங்க திரும்பும்போதும் முன் சீட்டுல ஏறி உட்கார்ந்துக்குவார். நான் பின்னாடி பிள்ளைங்களோட போயிடுவேன். முச்சந்தி வரைக்கும் வருவார். அங்க காப்பிக் கடை வாசல்ல இறங்குவார், எல்லாரும் இறங்கி அவர் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சு முத்தமிட்டு சலாம் கொடுப்போம், அப்புறம் அவர் நடந்தே வீட்டுக்குத் திரும்புவார். பதினாலு வருஷத்துல ஒரு தடவைகூடத் தவறல. மழை கொட்டினாலும் குடையோட வருவார். என் அப்பா நல்லவர்தான், ஆனா அவர் என்னை வாசப்படி தாண்டி வழியனுப்பினதில்ல.

அந்த வீட்ல நான் எப்படி நடந்துக்கணும்னு எனக்குக் குழப்பமா இருந்துச்சு. பக்கத்து வீட்டு ஜமிலாக்காகிட்ட சொன்னப்ப, அவங்க அடிச்சுச் சொன்னாங்க: "இத்தாக் காத்திருப்பு மூணு மாசமும் முடிஞ்சிருச்சு. உறவு அறுந்த மாதிரிதான். இனிமே அந்த வீட்டு ஆம்பளைங்க எல்லாரும் உனக்கு அந்நியம். கைபடாம, தலை தெரியாம போய்ட்டு வா." அவங்களுக்கு எல்லாத்துலயும் ஒரு தீர்ப்பு இருக்கும். மார்க்கம் தெரிஞ்ச உஸ்தாத் யாரையாவது கேட்டிருக்கலாம். என் விவகாரத்தை ஒரு பள்ளிவாசல்ல போய் விரிக்க வெக்கமா இருந்துச்சு, விட்டுட்டேன். அந்த வீட்ல மாமனார் முன்னால தலையில துணியில்லாம வெங்காயம் உரிச்சவ நான். அன்னைக்கு வேன்லயே நீளத் துணியை இழுத்து மார் வரைக்கும் மூடி, முழங்கையில உறையும் மாட்டிக்கிட்டேன்.

ஒண்ணரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ரம்புத்தான் மரத்தடியில வேனை நிறுத்தினேன். அவர் புறாக் கூண்டைக் கழுவிட்டு இருந்தவர், சத்தம் கேட்டு ஈரக் கையோட வந்தார். எழுபத்தெட்டு வயசு, ஏழு மாசத்துல இன்னும் பத்து வயசு கூடின மாதிரி இருந்தார். பிள்ளைங்க ஓடிப்போய் கையில முத்தம் கொடுத்தாங்க. அப்புறம் என்னைப் பார்த்துச் சிரிச்சார், கையை நீட்டினார்.

நான் கையை நீட்டல. நெஞ்சுல வச்சுக்கிட்டுத் தலையைக் குனிஞ்சேன், அந்நிய ஆம்பளைக்குச் செய்ற மாதிரி.

அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்னுச்சு. அப்புறம் அவர் அதைத் திருப்பிப் பார்த்தார், கைலியில துடைச்சார். சாப்பிட்டியா, வண்டி தொல்லை பண்ணலையேன்னு மட்டும் கேட்டார். பதில் சொல்றதுக்குள்ள பின்பக்கம் போயிட்டார்.

சமையல்கட்டுல மாமியார் எனக்குச் சோறு போட்டாங்க. சங்குப்பூ போட்ட நீலச் சோறு, பொரிச்ச மீன், தொட்டுக்க மீன் ஊறல் புடு. குறை சொல்ல முடியாது, மீன்ல நடுத்துண்டு எனக்குத்தான் வந்துச்சு. ஆனா என் தட்டு மாறியிருந்துச்சு. வழக்கமா எனக்குப் போடுற ஓரம் உடைஞ்ச பூத்தட்டு இல்ல, விருந்தாளிக்கு எடுக்குற கண்ணாடித் தட்டு. அவங்க முட்டி வலியைப் பத்திச் சொன்னாங்க, கிளினிக்ல கொடுத்த மாத்திரையைப் பத்திச் சொன்னாங்க. அப்புறம் மெதுவா, மஸ்லான் சாயங்கால அசர் தொழுகைக்குள்ள வந்துருவானாம், அந்தப் பொண்ணுக்கு நாலு மாசம், வழியில நின்னு நின்னு வர்றாங்கன்னாங்க. அதுக்குள்ள நான் கிளம்பிடணும்னு புரிஞ்சுபோச்சு. சோத்தை முடிச்சேன், கை கழுவினேன், பையை எடுத்தேன். அவங்க தடுக்கல. அவங்க இடத்துல நான் இருந்தாலும் என்ன செஞ்சிருப்பேனோ தெரியல.

இல்ஹாம் புறாக் கூண்டுக்கிட்ட இருந்தான், கையசைச்சான். நுஹா வேன் வரைக்கும் வந்து, என் தோள்ல ஒரு தடவை முகத்தை வச்சிட்டுப் போனா. மாமனார் வரல. நான் இன்ஜினைப் போட்டுட்டுக் காத்திருந்தேன். முன் கதவைத் திறந்துகூட வச்சேன், வெக்கங்கெட்டு. அஞ்சு நிமிஷம் ஆச்சு. அவர் வரல. சரி, அவருக்கும் நான் தீர்ந்துட்டேன்னு கதவை அடிச்சுச் சாத்தினேன்.

முச்சந்தியில நிக்காமத் திரும்பினேன். காப்பிக் கடைக்காரர் வேனைப் பார்த்துக் கை தூக்கினார், நான் பார்க்காத மாதிரி போனேன். மாச்சாங் வரைக்கும் அழுகை. அதுக்கப்புறம் ஆத்திரம். பதினாலு வருஷம் இந்தக் கிழவருக்குத் தைலம் தேய்ச்சுவிட்டிருக்கேன், கண் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில நாலு நாள் தரையில படுத்திருக்கேன், வழியனுப்ப அஞ்சு நிமிஷம் வர முடியலையான்னு காலி சீட்டுங்ககிட்ட சத்தம் போட்டுட்டு வந்தேன். காலி வேன்ல சத்தம் போட்டா நமக்கே திரும்பக் கேக்கும். அது இன்னும் மோசம்.

குவாலா கிராய்ல எண்ணெய் போட நிறுத்தினேன். மணி நாலாகப் போகுது. பக்கத்துல ஒரு ஒட்டுக்கடையில காப்பி வாங்கி உட்கார்ந்தேன். சுத்தி எல்லாம் குடும்பம் குடும்பமா, பை, தலையணை, அழுற குழந்தை. ஒரு அம்மா என்கிட்ட, எத்தனை பேர் தங்கச்சி, மேசையைச் சேர்த்துப் போடவான்னு கேட்டாங்க. நான் ஒருத்திதான்னேன். அவங்க நாற்காலியை மட்டும் எடுத்துட்டுப் போனாங்க.

அப்பதான் நுஹா போன் பண்ணினா. அப்பா வந்துட்டார்னா. சரின்னேன். அதுக்கப்புறமும் போனை வைக்கல.

"மா, நீ தாத்தாகூட சண்டையா?"

"நான் ஏன்டி அவர்கூடச் சண்டை போடுறேன்?"

"அப்ப ஏன் சலாம் கொடுக்கல? தாத்தா சோப்பு போட்டு ரெண்டு தடவை கை கழுவினாரு. என்கிட்ட நீட்டி, மோந்து பாரு, நாறுதான்னு கேட்டாரு."

அவர் இப்ப எனக்கு அந்நியம்டி, தொடக்கூடாது, அதனாலதான்னு சொன்னேன்.

"யார் சொன்னா? ஜமிலா பெரியம்மாவா? மா, மாமனார் எப்பவும் மஹ்ரம், தொட்டுச் சலாம் கொடுக்கலாம். தலாக் ஆனாலும் செத்தாலும் மாறாது. அப்பாதான் உனக்கு அந்நியம், தாத்தா இல்ல. எங்க மதப் பள்ளியில நாலாவது படிக்கும்போதே இருக்கு. தினமும் நீதானே என்னை அங்க கொண்டு போய் விடுற?"

அவ கிண்டலாத்தான் ஆரம்பிச்சா. முடிக்கிறப்ப அவ குரலும் சரியில்ல. தாத்தா எங்கன்னு கேட்டேன். பின்னாடி கிணத்தடியில உட்கார்ந்திருக்காரு, நீ கிளம்பினப்பவும் அங்கதான் இருந்தாரு, வண்டிச் சத்தம் கேக்குது தாத்தா, போகலையான்னு கேட்டதுக்கு, உங்கம்மாவுக்கு நான் பக்கத்துல உட்காரப் பிடிக்காதும்மான்னு சொன்னாருன்னா.

காப்பியைக் குடிக்கல. எழுந்து வேனுக்குப் போனேன். வலப்பக்கம் திரும்பினா குவா மூசாங், வீடு. இடப்பக்கம் எழுபது கிலோமீட்டர் திரும்பிப் போகணும். அங்க இப்ப மஸ்லான் இருக்கான், அந்தப் பொண்ணு இருக்கா, மாமியார் அவளுக்கு நல்ல தட்டு எடுத்து வச்சிருப்பாங்க. நான் போய் நின்னா என்ன நினைப்பாங்க? புருஷனைப் பார்க்க ஒரு சாக்கு தேடி வந்துட்டான்னு நினைப்பாங்க. ஊர் வாயை மூட உலைமூடி இல்ல. கிழவர் கை கழுவினது ஞாபகம் வந்துச்சு. இடப்பக்கம் திருப்பினேன்.

அஞ்சரைக்குப் போய்ச் சேர்ந்தப்ப, ரம்புத்தான் மரத்தடியில என் பழைய கார் நின்னுச்சு. பின்கண்ணாடியில நான் ஒட்டின ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்திருந்தாங்க, பசை மட்டும் இருந்துச்சு. உள்ளே சிரிப்புச் சத்தம், இல்ஹாம் சத்தமும் அதுல இருந்துச்சு. நான் வாசலுக்குள்ள போகல. ரோட்டோரமா நிறுத்தி, காலையில பள்ளிப் பிள்ளைங்க வீட்டு முன்னால அடிக்கிற மாதிரி ரெண்டு தடவை ஹாரன் அடிச்சேன்.

முதல்ல மஸ்லான்தான் ஜன்னல்ல தலையை நீட்டினான். என்ன, எதையாவது மறந்துட்டியான்னு கேட்டான். உன்கிட்ட எனக்கு ஒண்ணும் இல்ல, அப்பாவைக் கூப்பிடுன்னேன். அவன் தலை உள்ள போச்சு. வீட்டுக்குள்ள சிரிப்பு நின்னுச்சு.

அவர் பக்கவாட்டுச் சந்து வழியா வந்தார். நான் இறங்கி, முழங்கை உறையைக் கழட்டி சீட்டுல போட்டேன். அவர் கிட்ட வந்தும் கையை நீட்டல, ரெண்டையும் பின்னால கட்டிக்கிட்டு நின்னார். நான் என் ரெண்டு கையையும் நீட்டினேன்.

"சலாம் கொடுக்காமப் போயிட்டேன்ப்பா."

"எதுவரைக்கும் போனே?"

"குவாலா கிராய்."

"இதுக்காகவா திரும்பி வந்தே?"

தலையை ஆட்டினேன். அவர் மெதுவாக் கையைக் கொடுத்தார். நான் குனிஞ்சு மூக்கை வச்சேன். சோப்பு வாசம், அதுக்கு அடியில தைல வாசம். நான் தேய்ச்சுவிட்ட அதே தைலம். அவர் விடல, என் கையைப் பிடிச்சபடியே நிறுத்தி நிறுத்திப் பேசினார், அந்த முதல் வருஷம் மாதிரி.

"தலாக் அவன் உனக்குச் சொன்னான். என்னைக் கேட்டுக்கிட்டா சொன்னான்? எனக்குச் சொன்னானா?"

"இல்லப்பா."

"அப்புறம் என்ன."

அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். போஸ்ட்மேனைக்கூட உள்ள வா, ஒரு வாய் காப்பி குடின்னு கூப்பிடுறவர் அவர். என்னைக் கூப்பிட அவர் வாய் எடுத்தது எனக்குத் தெரிஞ்சுச்சு. வாசப்படியில மாமியார் நின்னாங்க, அவங்களுக்குப் பின்னால ஒரு பூப்போட்ட துணி ஓரம் தெரிஞ்சுச்சு. அவர் கூப்பிடல. நானே, நேரமாச்சு, கிளம்புறேன்ப்பான்னேன். எனக்கு அவரைச் சங்கடப்படுத்த மனசில்ல.

அவர் சுத்தி வந்து, ஒவ்வொரு டயரையும் காலால உதைச்சுப் பார்த்தார். அப்புறம் முன் கதவைத் திறந்து, கைலியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஏறி உட்கார்ந்தார். இந்தத் தடவை நான் பின்னாடி போக வேண்டியதில்ல. ஸ்டீயரிங் என் கையிலதானே இருக்கு. கண்ணாடியைப் பார்த்தேன், பின்னாடி பூரா காலி. பக்கத்துல திரும்பி ஒண்ணுன்னு எண்ணிட்டு எடுத்தேன்.

மெதுவாத்தான் ஓட்டினேன். ஒரு கிலோமீட்டர்கூட வராது அந்த ரோடு. குவா மூசாங்ல தங்கிடு, யானைக் காட்டு ரோட்டை இருட்டுல தாண்டாதேன்னார். சரின்னேன். அந்தப் பொண்ணும் பாவம்தான், வந்ததுலேர்ந்து எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாதுன்னு தெரியாம நிக்கிறான்னார். நான் கியரை மாத்தினேன். காப்பிக் கடை தெரிஞ்சதும் எனக்குப் பொறுக்கல, கேட்டுட்டேன்.

"இனிமே நான் இங்க வரலாமாப்பா?"

அவர் முன் கண்ணாடி வழியா ரோட்டையே பார்த்துட்டு இருந்தார்.

"நான் இருக்கிறவரைக்கும் வா."

முச்சந்தியில நிறுத்தினேன். அவர் இறங்க நேரம் பிடிச்சுச்சு, நான் சுத்தி ஓடிப்போய் அந்தப் பக்கம் கை கொடுத்தேன். மறுபடியும் ஒரு சலாம், போதும் போன்னு சிரிச்சார். காப்பிக் கடைக்காரர் ஏதோ கேட்டதுக்கு, மருமக ஊருக்குப் போறான்னு பதில் சொல்லிட்டு நடக்க ஆரம்பிச்சார்.

நான் வேன்ல ஏறினேன், ஆனா எடுக்கல. முன்னெல்லாம் நாங்க திரும்பிப் பார்க்குறதுக்குள்ள அவர் வளைவு தாண்டியிருப்பார். இப்ப திரும்பி உட்கார்ந்து, பின்கண்ணாடி வழியா பார்த்துட்டே இருந்தேன். பாதி தூரத்துல ஒரு தென்னை மரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னு மூச்சு வாங்கினார். கொஞ்சம் நடந்து, பாலத்துக் கட்டையில உட்கார்ந்துட்டார். நான் கையை ஹாரன் மேல வச்சுக்கிட்டு, எழுந்திரிங்கப்பா, எழுந்திரிங்கன்னு சொல்லிட்டே இருந்தேன். அவர் எழுந்து அந்த வளைவு திரும்புறவரைக்கும் நான் வண்டியை எடுக்கல.